பெரிய பர்னருக்குக் காத்து

இல்ல பாய், அவங்க நாலு மணிக்குத்தான் வருவாங்க. நான்தான் உங்களைக் கொஞ்சம் முன்னாடியே வரச் சொன்னேன். எல்லாரும் சுத்தி நின்னுக்கிட்டு இருந்தா உங்களுக்கும் கை ஓடாது பாருங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும், உள்ள வாங்க. சமையக்கட்டு இந்தப் பக்கம். ஸ்ரீரங்கத்துலேருந்து காட்டூர் வரைக்கும் இந்த வெயில்ல வண்டியிலயே வந்தீங்களா? பாலத்துல நெரிசலா இருந்திருக்குமே. மோர் குடிக்கிறீங்களா? வேணாமா. சரி, வேலைய முடிச்சிட்டுக் குடிக்கலாம்.

இதுதான் அடுப்பு. சின்ன பர்னர்ல ஒரு குறையும் கிடையாது, அதைத் தொட வேணாம். இந்தப் பெரிய பர்னரை மட்டும் கழட்டி, அடியில இருக்கற டியூபை வெளிய எடுத்து, நல்லாத் தொடைச்சு மாட்டிக் குடுத்துடுங்க. பத்த வச்சுப் பாக்கணுமா? அதுல பாக்க என்ன இருக்கு? சரி, உங்க தொழிலு, பத்த வைங்க. ம். மஞ்சளாத்தான் எரியுது. தெரியுது பாய், எனக்கும் கண்ணு இருக்கு. அணைச்சுடுங்க. பால் பொங்கி உள்ள ஊத்தியிருக்கு, அதான். கழட்டுங்க.

நான் யாருன்னு சகாயநாதன் சொன்னாரா? என் மருமகளோட அப்பா, உங்களுக்கு போன் பண்ணினாரே, அவருதான். பேரு மட்டும்தான் சொன்னாரா. பாருங்க, சம்மந்தி எப்பவுமே அப்படித்தான். நான் இன்னாசிராஜ். பாய்லர் செய்யற கம்பெனில ஃபோர்மேனாச் சேந்து மேனேஜரா ரிட்டயர் ஆனவன். பெரிய பெரிய காலேஜ்ல படிச்சிட்டு வந்த இஞ்சினியருங்கல்லாம் எங்கிட்ட வந்து நின்னு கத்துக்கிட்டானுங்க. எதைன்னு கேளுங்க. காத்தை. பாய்லர்னா எல்லாரும் நிலக்கரியப் பத்திப் பேசுவான், எண்ணெயப் பத்திப் பேசுவான், காத்தை எவனும் நெனச்சுப் பாக்க மாட்டான். எரியறதுக்குப் போடற சரக்கை விடப் பல மடங்கு காத்து உள்ள போகணும் பாய். அது எந்த வழியா வரணும், என்ன வேகத்துல வரணும், எந்த எடத்துல போய்க் கலக்கணும், சூட்சுமம் பூரா அதுலதான் இருக்கு. காத்து போற வழியில ஒரு தகடு விரக்கடை மூடியிருந்தாப் போதும், நான் வெளிய நின்னு புகைபோக்கியைப் பாத்தே சொல்லிடுவேன். கூடிப் போனாலும் ஆகாது. சூடெல்லாம் புகையோட சேந்து மேல போயிடும். குறைஞ்சுதோ, பாதி எரிஞ்சும் எரியாமக் கரியாப் படியும்.

இந்த அடுப்பும் அதே கணக்குதான், உங்களுக்குத் தெரியாததா. ஜெட்லேருந்து கேஸ் சீறிக்கிட்டு வருது, அந்த வேகத்துலயே பக்கத்து ஓட்டை வழியா காத்தையும் இழுத்துக்குது. ஃபேன் வேணாம், கரண்ட் வேணாம். ரெண்டும் டியூப்புக்குள்ள கலந்து மேல வந்தா நீலம். அந்த ஓட்டைய எவ்வளவு பெருசாப் போடணும்னு எவனோ ஒருத்தன் மண்டைய ஒடச்சுக்கிட்டுத்தான் போட்டிருப்பான். அதை எந்தப் பொம்பளையும் குனிஞ்சு பாத்திருக்க மாட்டா. சமைக்கறா, போறா.

நட்டு வரலையா? தேங்கா எண்ணெய் தரட்டுமா, ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்க. அவசரம் ஒண்ணும் இல்ல. ரோசம்மா, என் வீட்டுக்காரி, சம்மந்தி வராங்களேன்னு காந்தி மார்க்கெட்டுக்குப் பழம் வாங்கப் போயிருக்கா. ஜேக்கப், என் மகன், ஸ்ரீரங்கத்துக்குப் போயிருக்கான், பொண்டாட்டியையும் மாமனாரையும் கார்ல கூட்டிட்டு வரதுக்கு. ஆமா, அவ இப்ப அப்பா வீட்டுலதான் இருக்கா. ஒரு அடுப்புக்காக இவ்வளவான்னு கேக்குறீங்க. கேக்கத்தான் செய்வீங்க. ஊரே கேக்குது.

லிசின்னு பேரு. கெமிஸ்ட்ரி டீச்சர், அங்க ஸ்ரீரங்கத்துலயே ஒரு ஸ்கூல்ல. தங்கமான புள்ள பாய், நான் பொய் சொல்லக் கூடாது. கல்யாணம் ஆகி வந்த புதுசுல ஒரு ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சு எங்கூட வேலை பாத்தவங்க நாலஞ்சு பேரு மருமகளைப் பாக்கறதுக்குன்னு வந்திருந்தாங்க. அந்த ஹால்லதான் உக்காந்திருந்தோம். நான் அவங்களுக்கு ஒரு பழைய கதை சொல்லிட்டிருக்கேன், பெரிய பாய்லர் ஒண்ணுல காத்து வழி சிக்கி எல்லாரும் முழிச்சப்ப நான் எப்படிக் கண்டுபுடிச்சேன்னு. இவ டீ எடுத்துட்டு வந்தா. வந்தவ, மாமா, நம்ம வீட்டு அடுப்புக்கே காத்து பத்தலை, தீ மஞ்சளா எரியுது, ஓட்டையில தூசி அடைச்சிருக்கு போலன்னு சொல்லிட்டுச் சிரிச்சா. அவ்வளவுதான். தப்பா ஒரு வார்த்தை கிடையாது. உண்மையிலேயே தூசிதான் அடைச்சிருந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. எம் முன்னாடி நாற்காலியில உக்காரவே யோசிப்பான் ஒருத்தன், எனக்குக் கீழ இருந்தவன், அவன் டீ கிளாஸைக் கீழ வச்சுட்டு கண்ணைத் தொடைச்சுக்கிட்டுச் சிரிக்கிறான். நானும் சிரிச்சேன். மருமக கெட்டிக்காரின்னேன். அன்னிக்குப் பூரா எனக்குச் சோறு எறங்கல.

மறுநாளே என் கையால ஓட்டையச் சுத்தம் பண்ணிட்டேன். தீ நின்னு நீலமா எரிஞ்சுது. ஆனா பாருங்க, ஒரு வாரம் போகல, மாமா மறுபடியும் மஞ்சளா எரியுதுங்கறா. காலையில அவதான் மொதல்ல எந்திரிப்பா. சமைச்சு வச்சுட்டு பஸ் புடிச்சு ஸ்ரீரங்கம் போகணுமே. அப்புறமா ரோசம்மா வந்து பத்த வச்சா நீலம். நல்லாத்தானேம்மா எரியுதுன்னு அவ போயிட்டா. அடுத்த நாளும் அப்படியே. இவ தனியா நின்னு பத்த வச்சா மஞ்சள். அத்தை வாங்கன்னு கூப்புட்டு, அவ வந்து குமிழைத் திருப்பினா நீலம். ஜேக்கப்பைத் தூக்கத்துலேருந்து எழுப்பிக் கூட்டிட்டு வந்தா, அப்பவும் நீலம். அவன் சிடுசிடுன்னு திரும்பப் போய்ப் படுத்துக்கிட்டான். எப்படி இருக்கும் அந்தப் புள்ளைக்கு?

புத்திசாலி பாய் அவ. சும்மா உக்காந்துடல. போன்ல படம் புடிச்சா. சாயங்காலம் எல்லாரையும் உக்கார வச்சு, பாருங்க எப்படி எரியுதுன்னு காமிச்சா. நான் வாங்கிப் பாத்தேன். ஏம்மா, உப்புப் போட்ட தண்ணி பொங்கி வழிஞ்சா தீ மஞ்சளாத்தானே தெரியும், நீ படிச்சதுதானே, புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறதும் அதுதானேன்னு கேட்டேன். உண்மைதானே அது? சோடியம். அன்னியிலேருந்து சோத்துக்கு உப்புப் போடறதையே விட்டுட்டா. உப்பில்லாத சோத்தை ஒரு மாசம் தின்னோம். அப்பவும் மஞ்சள்.

கரி வேற. பால் பாத்திரம், குக்கர், இட்லிப் பானை, எல்லாத்துக்கும் அடி கருப்பு. ஸ்கூல் விட்டு வந்து ஸ்டீல் நார் போட்டுத் தேய்ப்பா பாருங்க, நகக்கண்ணெல்லாம் கருப்பு. அந்தக் கையோட போர்டுல எழுதினா புள்ளைங்க கேலி பண்ணுதுன்னு ஜேக்கப்கிட்ட அழுதிருக்கா. சிலிண்டர் வேற சீக்கிரமே தீந்து போகுது. ரோசம்மா நல்லவதான், ஆனா வாய் சும்மா இருக்காது. நான் இத்தனை வருஷமா இதே அடுப்புலதான் சமைச்சேன், எனக்கு எரிஞ்சது உனக்கு மட்டும் ஏன் எரியலைன்னா. அக்கம்பக்கத்துல சொன்னா. எங்க அன்பியத்துல, தெருக்காரங்க ஜெபத்துக்குக் கூடுவோமே அதுல, ஒரு அம்மா, பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி ஏதாவது நேந்துக்கிட்டு நிறைவேத்தாம விட்டிருக்கும்னு கெளப்பி விட்டுது. அவ்வளவுதான், ஜெபமாலையோட பத்துப் பொம்பளைங்க வந்து இந்த அடுப்பைச் சுத்தி நின்னு ஜெபம் பண்ணினாங்க. இந்த எடத்துலதான். கெமிஸ்ட்ரி டீச்சர் நடுவுல முழங்கால் போட்டு நிக்குது.

சிரிக்காதீங்க, இல்ல, சிரிங்க, பரவால்ல. எனக்கும் சிரிப்புத்தான் வந்துச்சு.

மொதல்ல இதெல்லாம் நம்பாதவதான். போகப் போக மாறிட்டா. அடுப்பைப் பத்த வைக்கறதுக்கு முன்னாடி சிலுவை போட்டுக்க ஆரம்பிச்சா. கண்ணை மூடிக்கிட்டுக் குமிழைத் திருப்புவா. ஃபாதரைக் கூட்டிட்டு வந்து சமையக்கட்டை மந்திரிச்சோம். அவரும் பாவம், அடுப்புக்குத் தீர்த்தம் தெளிச்சு ஜெபம் சொல்லி, நீயே பத்த வைம்மான்னாரு. வச்சா. நீலம். பாய், அந்தப் புள்ள அப்படியே தரையில உக்காந்துடுச்சு. மாமா, சரியாயிடுச்சு மாமான்னு என் கையப் புடிச்சுக்கிட்டு அழுவுது. ஜேக்கப் கேக் வாங்கிட்டு வந்தான். மறுநாள் காலையில அவ ஒரு சத்தம் போட்டா பாருங்க, தெருவே எந்திரிச்சுடுச்சு.

போன சனிக்கிழமைதான் கடைசி. பாலை வச்சுட்டுத் தீயைப் பாத்துக்கிட்டே நின்னிருக்கா. பொங்கி வழியறது கூடத் தெரியல. ரோசம்மா போய், ஏண்டி பால் போகுதுன்னு ஒரு வார்த்தைதான் கேட்டா. இவ பாத்திரத்தைத் தூக்கி சுவத்துல அடிச்சா. அந்தா, அந்தக் கறை. ரோசம்மாவுக்குக் கையில சூடு பட்டுடுச்சு. உடனே இவளே அத்தை அத்தைன்னு கால்ல விழுந்து அழுவறா. ஜேக்கப் பயந்துட்டான். தில்லை நகர்ல ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனான், மனசுக்குப் பாக்கறவரு. அவரு மாத்திரை எழுதினாரு. வேலைக்குக் கொஞ்ச நாள் போக வேணாம்னாரு.

இவ மாட்டேன்னுட்டா. எனக்கு ஒண்ணும் இல்ல, அடுப்புலதான் என்னமோ இருக்குன்னா. அப்பா வீட்டுக்குப் போயிட்டா. அப்புறம் ரெண்டு பக்கமும் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தாங்க. அதைத்தான் சகாயநாதன் உங்ககிட்ட முழுசாச் சொல்லல போலருக்கு. வெளியாளு ஒருத்தர், ரெண்டு வீட்டுப் பக்கமும் சேராதவரு, வந்து அடுப்பைப் பாக்கணும். எல்லாருக்கும் முன்னாடி லிசி பத்த வைப்பா. மஞ்சளா எரிஞ்சா அவ சொன்னது நெசம். ஜேக்கப் அவளைக் கூட்டிட்டு ஸ்ரீரங்கத்துல தனியா வீடு பாத்துப் போயிடுவான். எம் மூஞ்சியப் பாத்து சொல்லிட்டான் பாய், ஒத்தப் புள்ள. நீலமா எரிஞ்சா அவளுக்குத்தான் கோளாறு. வேலைய விட்டுட்டு, மாத்திரையப் போட்டுக்கிட்டு, நாங்க சொல்றபடி இங்கயே இருப்பா. அவ வாயாலயே சொன்ன வார்த்தை. உங்க பேரைச் சொன்னதும் சகாயநாதன்தான். நவ்ஷாத் பாய் தொழுகை தவறாதவரு, ஒரு பொய் பேச மாட்டாருன்னாரு. நான் உடனே ஒத்துக்கிட்டேன். பொய் பேசாத ஆளுதான் எனக்கும் வேணும்.

வந்துடுச்சா டியூபு? காமிங்க. பாலு எப்படிக் காஞ்சு போய்க் கெடக்கு பாத்தீங்களா, பசை மாதிரி. சொரண்டுங்க. அந்த வளையத்தையும் எடுத்துடுங்க. குறடு வச்சு மெதுவாத் திருப்புங்க, டியூப்ல கீறல் விழக் கூடாது. அப்படித்தான். குடுங்க அதை இங்க.

ஆமா பாய், இது கம்பெனி போட்டது இல்ல. நல்ல கண்ணு உங்களுக்கு. கூல்டிரிங்க்ஸ் டின்னை வெட்டி வளைச்சது. காத்து ஓட்டை மேல மோதிரம் மாதிரி உக்காந்துக்கும். கீழ கையவிட்டு விரலால இந்தப் பக்கம் தள்ளினா மூடிக்கும், அந்தப் பக்கம் தள்ளினாத் தொறந்துக்கும். டார்ச் அடிச்சுப் பாத்தாலும் டியூப்போட ஒட்டினதுன்னுதான் நெனைக்கத் தோணும். அவ அடிச்சுப் பாத்தா, நெனைச்சா. யாரு வச்சதா? இவ்வளவு சுத்தமா வளைவு எடுக்க இந்த வீட்டுல வேற யாருக்குத் தெரியும்? காலையில அவளுக்கு முன்னாடி வந்து தண்ணி குடிச்சுட்டு ஒரு தள்ளு. அவ யாரையாவது கூப்புடப் போனா, என்னம்மான்னு நானே உள்ள வந்து ஒரு தள்ளு. ஃபாதர் வந்தப்பவும் அப்படித்தான். பாலு ஊத்தினதுலதான் மாட்டிக்கிச்சு. மூடினது மூடினபடியே ஒட்டிக்கிச்சு, நானும் இந்த நாலஞ்சு நாளா ரோசம்மா இல்லாத நேரம் பாத்து இழுத்து இழுத்துப் பாக்கறேன், அசையல. ஆளு வந்து பாக்கற வரைக்கும் பெரிய பர்னரைப் பத்த வைக்கக் கூடாதுன்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன். விரல்ல முன்ன மாதிரி பலம் இல்ல பாய். அதான் உங்களை முன்னாடியே வரச் சொன்னது.

அப்படிப் பாக்காதீங்க. ஜன்னலைத் தொறந்தேதான் வச்சிருந்தேன். காத்து பத்தாம எரிஞ்சா என்ன விஷம் வரும்னு எனக்குத் தெரியாதா? அளவு பாத்துத்தான் மூடினேன். தலைவலி வந்துச்சு அவளுக்கு, அதுக்கு மேல ஒண்ணும் வரல. ஏன்னா கேக்குறீங்க? சொன்னேனே பாய். சிரிச்சாங்கன்னு.

மாட்டுங்க டியூபை. மாட்டுங்கன்னா. இப்பப் பத்த வைங்க. ஆகா, பாத்தீங்களா, எப்படி நிக்குது. ஒரு துளி மஞ்சள் இருக்கா? அணைச்சுடுங்க. நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லல, உங்க மார்க்கத்துக்கும் பங்கம் வேணாம். அடுப்பு எப்படி எரியுதுன்னு கேப்பாங்க. எரியறதைப் பாத்து எரியறபடி சொல்லுங்க. சொல்லத்தான் போறேன்னா சொல்லுங்களேன். வளையம் என் சட்டைப் பையில இருக்கு, அவங்க போனதும் குப்பைக்குப் போயிடும். இல்லாத வளையத்தைப் பத்திப் பேசினா உங்களையும் தில்லை நகருக்குத்தான் கூட்டிட்டுப் போகணும். அதுவும் போக, ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து அடுப்பைக் கழட்டினது யாரு? நானா? எங்கிட்ட கேட்டா, சம்மந்தி சொல்லித்தான் பாய் சீக்கிரமா வந்தாரு, என்ன பண்ணினாரோ தெரியலைன்னு சொல்லுவேன். யோசிச்சுக்கங்க.

கேட் சத்தம் கேக்குது. வந்துட்டாங்க.

வாங்க சம்மந்தி, வாங்க வாங்க. ரோசம்மா, நீயும் இவங்களோடயே வந்துட்டியா, பழத்தை அங்க வை. வாம்மா லிசி. எளைச்சுட்டியேம்மா. பாய் இப்பத்தான் வந்தாரு, அந்தப் பாலு காஞ்சதை மட்டும் தொடைச்சாரு, வேற ஒண்ணும் தொடல. இல்லையா பாய்? ஜேக்கப், தள்ளி நில்லுடா, அவ பத்த வைக்கட்டும். இந்தா லைட்டர். பயம் எதுக்கும்மா? நாங்கல்லாம் இருக்கோம்ல. கண்ணை மூடாத. தொறந்து பாத்துக்கிட்டே வை.

பாருங்க எல்லாரும். சம்மந்தி, கிட்ட வந்து பாருங்க. நீலமா, இல்லையா? பாய், நீங்க சொல்லுங்க, இந்த அடுப்புல இப்ப ஏதாவது குறை இருக்கா? தலையாட்டினாப் பத்தாது, வாய விட்டுச் சொல்லுங்க. ம். கேட்டியாம்மா? ஒரு குறையும் இல்லையாம்.

என்னம்மா அவர்கிட்ட கேக்குற? உள்ள ஏதாவது இருந்துச்சான்னா? கேளு, நல்லாக் கேளு, உங்கப்பா பாத்து வச்ச ஆளுதானே. பாய், புள்ள உங்களைத்தான் கேக்குது. உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்குது பாருங்க.

சொல்லுங்க பாய்.

அவரு சாமானை எடுத்துப் பையில வைக்கிறாரும்மா. இருந்தாச் சொல்லியிருக்க மாட்டாரா? விடு. அழுவாத. மன்னிப்பெல்லாம் எதுக்கும்மா எங்கிட்ட, நீ எம் பொண்ணு மாதிரி. எந்திரி, காலை விடு. சம்மந்தி, நீங்களும் கண் கலங்கினா எப்படி, இதெல்லாம் குணமாகக் கூடியதுதான். ஜேக்கப், அந்த மாத்திரைய எடுத்துட்டு வா. ரோசம்மா, புள்ளைக்குக் குடிக்கக் கொஞ்சம் வெந்நீர் போடு. பெரிய பர்னர்லயே வை, சீக்கிரம் சுட்டுடும்.